ஊசி மருந்துக்கு ஒரு பெயரும் ஓர் இலக்கமும் வேண்டும்

கண்டி நகரின் தனியார் வைத்தியசாலைகளுக்கோ சிகிச்சை நிலையங்களுக்கோ சென்று திரும்பும் நோயாளி ஒருவரின் கையிலுள்ள கட்டணச் சிட்டையை வாங்கிப் பார்த்தால், வைத்தியரின் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் என்பவற்றுக்குக் கீழே "மருந்துகளும் ஏனையவையும்" என்று ஒரே வரியில் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதைப் பல சந்தர்ப்பங்களில் காணலாம். அந்த வரிக்குள் ஏற்றப்பட்ட மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையாயின் அதன் உறையாவது வீட்டில் எஞ்சியிருக்கும். ஊசியின் வெற்றுக்குப்பி குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றது. நோயாளியின் உடலுக்குள் சென்றது என்னவென்பதற்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை.

சாதாரண ஊசி விடயத்திலேயே இது குறைபாடுதான். ஒருமுறை ஏற்றினால் ஒரு மாதமோ மூன்று மாதங்களோ உடலில் தங்கிச் செயற்படும் ஹோர்மோன் ஊசிகளைப் பொறுத்தவரை இது பாரதூரமான குறைபாடாகும். கட்டணச் சிட்டையில் ஒரு குறியீடு இருக்கிறதா இல்லையா என்பது கணக்காளர்களுக்கு மட்டுமே உரிய சிறு விவகாரம் என்று பலரும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது தவறு என்பதையே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

நீண்டகாலம் செயற்படும் ஹோர்மோன் ஊசிகள் நமது மக்களுக்குப் புதியவை அல்ல. தோட்டப்புறங்களிலும் கிராமங்களிலும் "மூன்று மாத ஊசி" என்று பெண்கள் அழைக்கும் குடும்பத் திட்ட ஊசி அவற்றுள் மிகவும் அறியப்பட்டதாகும். மெட்றொக்சிப்புரொஜெஸ்தரோன் எனும் அம்மருந்து வழமையாக 150 மில்லிகிராம் அளவில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தசையில் ஏற்றப்படுகின்றது. புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயின் சில வகைகள், பெண்களின் கருப்பை உட்படலம் சார்ந்த நோய் ஆகியவற்றுக்கு கொசெரலின், லியூப்ரொலைட் போன்ற ஊசிகள் பயன்படுகின்றன. கொசெரலின் 3.6 மில்லிகிராம் அளவில் 28 நாட்களுக்கு ஒருமுறையும், 10.8 மில்லிகிராம் அளவில் 12 வாரங்களுக்கு ஒருமுறையும் ஏற்றப்படுகின்றது. மருந்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் அளவும் காலமும் விலையும் வேறு.

சிட்டையில் "ஹோர்மோன் ஊசி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பணம் கட்டியது ஒரு மாத ஊசிக்கா மூன்று மாத ஊசிக்கா என்பதை நோயாளியின் பிள்ளைகள் எவ்வாறு அறிவார்கள்? அடுத்த ஊசி எப்போது என்பதை வேறொரு வைத்தியர் எவ்வாறு கணிப்பார்? மாத்திரையால் தீங்கு நேர்ந்தால் மறுநாளே அதனை நிறுத்திவிடலாம். தசைக்குள் சென்ற மூன்று மாத மருந்தை எவராலும் வெளியே எடுக்க முடியாது. எனவே எந்த மருந்து எவ்வளவு எப்போது ஏற்றப்பட்டது என்ற பதிவு, சிகிச்சையின் ஒரு பகுதியே அன்றி அதற்குப் பிந்திய காகித வேலை அல்ல.

இவ்விடயத்தில் அமெரிக்காவின் அனுபவம் கவனத்திற்குரியது. அங்கு வைத்தியர் கையால் ஏற்றப்படும் பெரும்பாலான ஊசி மருந்துகளுக்கு "ஜே" எழுத்தில் தொடங்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. மெட்றொக்சிப்புரொஜெஸ்தரோனுக்கு உரியது ஜே1050 ஆகும். 2013 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், கருத்தடைக்கான 150 மில்லிகிராம் ஊசிக்கு ஒரு குறியீடும் 50 மில்லிகிராம் அளவுக்கு இன்னொரு குறியீடும் இருந்தன. அவை நீக்கப்பட்டு, ஒரு மில்லிகிராமை ஓர் அலகாகக் கொண்ட ஒரே குறியீடு கொண்டுவரப்பட்டது. அதன்படி முன்னர் "1" என்று எழுதிய இடத்தில் "150" என்று எழுத வேண்டியதாயிற்று. பழைய பழக்கத்தில் "1" என்றே எழுதினால் வைத்தியசாலை நட்டமடையும். ஒரு மில்லிகிராம் மட்டுமே ஏற்றப்பட்டதாகப் பதிவும் பிழைத்துவிடும். ஊசியை ஏற்றும் வேலைக்கான கட்டணத்திற்கு வேறொரு குறியீடு உண்டு. ஒருவருக்கென்றே உரிய குப்பியில் மீதியிருந்து கொட்டப்பட்ட மருந்து எவ்வளவு என்பதையும், மீதியேதும் இல்லையாயின் இல்லை என்பதையும் தனியாகக் குறிக்க வேண்டும் என்ற விதி மூத்தோருக்கான அரச காப்புறுதித் திட்டத்தில் 2023 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையிலுள்ளது.

எனினும் குறியீடுகள் இருப்பதால் மட்டும் நேர்மை வந்துவிடுவதில்லை என்பதற்கும் அதே நாடே சாட்சி. லியூப்ரொலைட் ஊசியை லூப்ரோன் என்ற பெயரில் விற்ற டப் என்ற மருந்து நிறுவனம், வைத்தியர்களுக்கு இலவச மாதிரிகளை வழங்கியதாகவும் அந்த இலவச மருந்துக்கே அரச காப்புறுதியிடம் பணம் கோரப்பட்டதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 2001 ஒக்டோபரில் அந்நிறுவனம் 875 மில்லியன் டொலர் செலுத்தி அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த ஊசிக்கு எவ்வளவு கோரப்பட்டது என்ற பதிவு பெயரோடும் அளவோடும் இருந்தபடியாலேயே அங்கே கணக்குப் பார்க்க முடிந்தது. "மருந்துகளும் ஏனையவையும்" என்ற ஒற்றை வரியிலிருந்து எந்த விசாரணையாளராலும் எதனையும் தோண்டியெடுக்க முடியாது.

இலங்கையின் நிலை வேறு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. கட்டணம் இல்லாத இடத்தில் கட்டணக் குறியீடும் தேவையில்லை என்றே இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் அரசாங்கத்திடம் மருந்துகளுக்கான இலக்கங்கள் இல்லாமலில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு தான் கொள்வனவு செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் "எஸ்.ஆர்." இலக்கம் ஒன்றை வைத்தே கேள்விப்பத்திரம் கோருகின்றது, களஞ்சியத்தில் கணக்கும் வைக்கின்றது. கொழும்பிலிருந்து லொறியேறி வரும்போது மருந்துக்கு ஓர் இலக்கம் இருக்கின்றது. நோயாளியின் கைக்கு வரும் துண்டில்தான் அது காணாமற் போய்விடுகின்றது. இலக்கம் அரசாங்கத்தின் களஞ்சியத்திற்கு மட்டுமே உரியதா, மருந்தை உடலில் ஏற்றுக்கொள்ளும் மனிதருக்கும் உரியதா என்பதே நமது கேள்வி.

இலவசத்திற்கும் கட்டணத்திற்கும் இடையிலான எல்லை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மங்கிவிட்டது. 2022 மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் முன்கூட்டித் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அப்போது இலங்கை வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அச்செய்தியால் கலங்கி, உதவ முன்வருவதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை மோசமடைந்திருந்தது. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கிவருமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்படுவது அதன்பின் பல குடும்பங்களின் அனுபவமாயிற்று. அரச வைத்தியசாலையில் எழுதி, தனியார் பாமசியில் வாங்கி, பின்னர் மீண்டும் வைத்தியசாலையிலோ வேறொரு சிகிச்சை நிலையத்திலோ ஏற்றிக்கொள்ளும் ஊசிக்கு மூன்று இடங்கள் பொறுப்பு. அதாவது, எவருக்கும் முழுப் பொறுப்பு இல்லை. கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய் சிகிச்சைக்காக நுவரெலியாவிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வந்து செல்லும் முதியவர் ஒருவர், எந்த ஊசி எங்கே ஏற்றப்பட்டது என்பதைத் தன் நினைவில் மட்டுமே சுமந்து திரிய வேண்டியிருப்பது கவலைக்குரியதாகும்.

2023 ஆம் ஆண்டு நமக்குப் புகட்டிய பாடம் இதனிலும் கசப்பானது. அவ்வாண்டு ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், பின்னர் பயன்படுத்தப்பட்ட கண்சொட்டு மருந்தினால் பார்வை பாதிக்கப்பட்டனர். ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்ட 21 வயது யுவதி ஒருவர் உயிரிழந்தார். மருந்தின் தரமா, செலுத்திய விதமா, உடலின் ஒவ்வாமையா என்ற விவாதம் பல நாட்கள் நீடித்தது. அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு வெளிச்சத்திற்கு வந்தது. அதன் தொடர்பில், கண்டி மாவட்டத்தைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே. நாம் கூற விரும்புவது வேறு. ஒரு தொகுதி மருந்து பழுதானது என்று தெரியவந்தால் அத்தொகுதி யார் யாருக்கு ஏற்றப்பட்டது என்பதை உடனே கண்டறிய வேண்டும். களஞ்சியத்தில் எஞ்சியிருக்கும் குப்பிகளை மீளப்பெற்றால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஏற்றிக்கொண்டவர்களையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்குத் தொகுதி இலக்கம் நோயாளியின் பதிவிலும் இருக்க வேண்டும். மூன்று மாதம் உடலில் தங்கும் மருந்துக்கு இந்த அவசியம் மேலும் பன்மடங்காகும்.

தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் இன்னொரு முகமும் உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாகக் கிளப்பப்பட்ட வதந்தி முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் வன்முறையாக வெடித்தது. அந்த உணவில் இருந்தது மாப்பொருளே என அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதிகளிலும் தீ பரவி, அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கண்டியில் நடந்த வன்செயலுக்கு உடனடிக் காரணம் வேறாயினும், அதற்கு முன்னரே காற்றில் நஞ்சைத் தூவியவற்றுள் மலட்டு மருந்து வதந்தியும் ஒன்று. 2019 இல் குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பின்னர் அதற்கு ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் தெரிவித்ததையும் நாம் கண்டோம்.

மறுபுறத்தில், தமக்கு முழுமையாக விளக்கப்படாமலேயே குடும்பத் திட்ட முறைகள் வழங்கப்படுகின்றன என்ற மனக்குறை மலையகப் பெண்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புஸ்ஸல்லாவையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, தனக்கு ஏற்றப்படும் ஊசி நிரந்தரமானது அல்ல என்பதும், கடைசி ஊசிக்குப் பின்னர் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் செல்லக்கூடும் என்பதும், மாதவிலக்கு ஒழுங்கற்றுப்போவது எதிர்பார்க்கப்படும் ஒன்றே என்பதும் அவளுடைய மொழியில் சொல்லப்பட வேண்டும். எழுதியும் கொடுக்கப்பட வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்புக்கான 13 ஆவது திருத்தத்தில் எழுதப்பட்ட பின்னரும் சிகிச்சை நிலையத்தின் துண்டுச்சீட்டு தமிழறியாததாக இருப்பது நியாயமாகாது.

வதந்தியும் மனக்குறையும் ஒரே இடத்திலேயே முளைக்கின்றன. என்ன மருந்து என்று எழுதப்படாத இடம் அது. எழுத்தில் உள்ள மருந்தை எந்த வைத்தியரிடமும் காட்டி விளக்கம் கேட்கலாம். எழுதப்படாத மருந்தைப் பற்றி எவரும் எதனையும் கூறலாம். அச்சமடைந்த சமூகம் அதனை நம்பவும் செய்யும். நேர்மையாகப் பணியாற்றும் வைத்தியரையும் குடும்ப நல மாதுவையும் இத்தகைய அவதூறிலிருந்து காக்கும் கவசமும் அந்தப் பதிவே என்பதைச் சுகாதாரத் துறையினர் உணர வேண்டும்.

புதிய மருத்துவ அறிவு வெளிவரும்போதும் இப்பதிவின் பெறுமதி தெரியும். மெட்றொக்சிப்புரொஜெஸ்தரோன் ஊசியை நீண்டகாலம் பயன்படுத்துவதற்கும், மூளையை மூடிய சவ்வில் தோன்றும் மெனிஞ்சியோமா எனும் கட்டிக்கும் இடையில் தொடர்பு இருப்பதாகப் பிரான்சில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2024 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. இக்கட்டி அரிதானது, ஆகவே எவரும் பீதியடையவோ, வைத்திய ஆலோசனையின்றி ஊசியைக் கைவிடவோ தேவையில்லை. ஆனால் தொடர்ந்து தலைவலியோ பார்வைக் குறைபாடோ உள்ள ஒரு பெண், தான் எத்தனை ஆண்டுகள் எந்த ஊசி ஏற்றிக்கொண்டாள் என்பதைச் சொல்ல முடியாவிட்டால், அந்த ஆய்வினால் அவளுக்கு என்ன பயன்?

இதற்கு எதிராகக் கூறப்படக்கூடிய நியாயங்களையும் நாம் அறியாமலில்லை. தாதியரும் வைத்தியர்களும் ஏற்கெனவே வேலைப்பளுவால் திணறுகின்றனர். இன்னுமொரு படிவமா என்று அவர்கள் கேட்பது இயல்பே. அமெரிக்காவில் குறியீடு எழுதுவதற்கென்றே ஒரு தொழில் உருவாகி, அந்தச் செலவும் நோயாளியின் தலையிலேயே விடிந்திருப்பதும் உண்மை. அத்தகைய சிக்கலை இங்கே இறக்குமதி செய்யுமாறு எவரும் கேட்கவில்லை. ஊசிக் குப்பியின் மேலட்டையிலேயே பெயர், அளவு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி யாவும் அச்சிடப்பட்டுள்ளன. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் திகதியும் தொகுதி இலக்கமும் எழுதும் பழக்கம் நமது நாட்டின் குடும்ப நல மாதுக்களுக்குப் புதிதல்ல. குழந்தைக்குச் செய்வதைத் தாய்க்கும் செய்யுமாறே கேட்கின்றோம்.

குடும்பத் திட்டம் போன்றவற்றில் அந்தரங்கம் பேணப்பட வேண்டும் என்பது மற்றொரு நியாயம். அது மிகச் சரியானது. கணவனோ மாமியாரோ கட்டணச் சிட்டையைப் பார்த்து ஒரு பெண்ணின் முடிவை அறிந்து அவளைத் துன்புறுத்தும் நிலை வரக்கூடாது. குறியீட்டின் பயன் இங்கேயும் உண்டு. சிட்டையில் இலக்கம் மட்டும் இருக்கலாம். விளக்கம் அவள் கையிலுள்ள தனி அட்டையில் இருக்கலாம். புதிய இலக்கங்களைக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மருந்து வகைப்படுத்தல் முறையில் கருத்தடைக்கான மெட்றொக்சிப்புரொஜெஸ்தரோனுக்கு ஜி03ஏசி06 என்றும், கொசெரலினுக்கு எல்02ஏஈ03 என்றும் குறியீடுகள் ஏற்கெனவே உள்ளன. மருத்துவ வழங்கல் பிரிவின் இலக்கமும் உள்ளது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து அரச, தனியார் துறை இரண்டிலும் கட்டாயமாக்குவதே செய்ய வேண்டியது.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, நீண்டகாலம் செயற்படும் எந்த ஊசியை ஏற்றினாலும் அதன் பொதுப்பெயர், அளவு, தொகுதி இலக்கம், ஏற்றிய திகதி, அடுத்த ஊசிக்கான திகதி ஆகிய ஐந்தும் எழுதப்பட்ட அட்டை நோயாளியிடம் வழங்கப்பட வேண்டும். அது மும்மொழிகளிலும் இருக்க வேண்டும். இரண்டாவது, தனியார் வைத்தியசாலைகளின் சிட்டையில் மருந்தின் விலையும் அதனை ஏற்றுவதற்கான கட்டணமும் வெவ்வேறாகக் காட்டப்பட வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்வதற்கு 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும், மருந்துகளின் தரத்தையும் விலையையும் ஒழுங்குபடுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கையில், அதிகாரம் இல்லையென்று எவரும் கைவிரிக்க முடியாது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சபட்ச விலை நிர்ணயிக்கப்பட்டபோது ஏழை மக்கள் அடைந்த ஆறுதல் நினைவிருக்கும். ஆனால் சிட்டையில் பெயரே இல்லாத மருந்து எந்த விலையில் விற்கப்பட்டது என்பதை எவரால் கண்காணிக்க இயலும்? மூன்றாவது, வெளியே வாங்கிவந்து அரச வைத்தியசாலையில் ஏற்றப்படும் ஊசியின் விபரமும் வைத்தியசாலைப் பதிவில் இடம்பெற வேண்டும்.

அதுவரை நமது மக்களும் வாளாவிருக்கத் தேவையில்லை. ஊசி ஏற்றியதும் "இதன் பெயரை எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. தோட்டங்களிலுள்ள மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் இப்பழக்கத்தை மக்களிடையே கொண்டு செல்லலாம். வெற்றுக்குப்பியின் மேலட்டையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் பயனுள்ளதே.

மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும், நாட்டுக்குத் தேவையானதை மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்க வேண்டும் என்று உலகுக்கு வழிகாட்டிய பேராசிரியர் சேனக பிபிலே, கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவர். 1971 இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. மருந்தின் உண்மைப் பெயர் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கையின் அடித்தளங்களுள் ஒன்றாகும். அவர் 1977 இல் மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், அவர் கற்பித்த பேராதனையின் மலைச்சரிவில் வாழும் ஒரு பெண் தனக்கு ஏற்றப்பட்ட ஊசியின் பெயரை அறியாதிருக்கின்றாள் என்றால் அது அவளுடைய அறியாமையன்று. சுகாதார அமைச்சும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களமும் இதனைச் சிறு விடயமென ஒதுக்கிவிடாது, இன்னொரு உயிரிழப்புக்கோ இன்னொரு வதந்திக்கோ காத்திராமல் செயலில் இறங்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.